நீல மணிகள்

சிக்னல் இருப்பது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே,
பெரிய பாறையில் மட்டும்.
நாய் கிடப்பது லயத்தில், என் காம்பராவில்.
இரண்டுக்கும் நடுவே நூற்றுப் பதினாறு படி,
மழை,
பத்தாம் வகுப்பு டிலுக்ஷன்.

நானோ பதுளையில்.
விடைத்தாள் திருத்த வந்தவர்களின் விடுதியில்
துவாய் காயாத கம்பிக் கட்டிலின் ஓரத்தில்.

"டீச்சர், ரொட்டி நிக்க மாட்டேங்குறான்.
விழுந்து விழுந்து எந்திரிக்கிறான்.
வாயெல்லாம் எச்சி, ஒடம்பு ஒதறுது.
பால் குடுக்கவான்னு அம்மா கேக்குறாங்க."

"ஒண்ணும் குடுக்காத.
என்னத்தத் தின்னான்னு பாரு. ஓடு."

காலடிச் சத்தம் கொஞ்சத் தூரம் கேட்டது.
பிறகு மழை. பிறகு அதுவும் அறுந்தது.

அப்கொட் பால் சங்கத்து முத்துவேலுவிடம்
ஹட்டன் மிருக வைத்தியரின் இலக்கம் வாங்கினேன்.
என் சிங்களம் கடைக்குப் போதும், பஸ்ஸுக்குப் போதும்.
ரொட்டி விஷம் தின்றுவிட்டது என்றேன்.
விஷம் வைத்த ரொட்டியா என்றார் டொக்டர் மதுஷானி.
இல்லை, ரொட்டி என்பது நாய்.
சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
ஈறு என்ன நிறம்,
உடம்பு கொதிக்கிறதா,
வலிப்பு எத்தனை நிமிடம், எடை எவ்வளவு?
எல்லாக் கேள்விக்கும் என்னிடம் ஒரே விடை:
நான் அங்கே இல்லை.

மறுபடி பாறையிலிருந்து, மூச்சு வாங்க:
"கதவுக்குப் பின்னால ஒரு பக்கற் டீச்சர்.
கிழிஞ்சு கெடக்கு. நீலக் கலர்ல மணி மணியா.
மேல நத்தைப் படம் போட்டிருக்கு."

நத்தை.
கிளம்பின அன்று விடிய
லீக்ஸ் பாத்தியைச் சுற்றித் தூவியது நான்.
மிச்சத்தை மடித்து ரப்பர் பட்டி போட்டு
கதவுக்குப் பின்னால் வைத்தது நான்.
தவிட்டு வாசம் அடித்தது அது,
நானே மோந்து பார்த்தேன்.
பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அன்று காலைதான் ஒரு பிள்ளையின் தாளில்,
கல்லீரலின் தொழில்கள் இரண்டு தருக:
விஷத்தை முறிக்கும்.
மற்றது ஞாபகம் இல்லை.
ஒரு புள்ளி போட்டிருந்தேன்.

டொக்டர் சொன்னதை வரிக்கு வரி சொன்னேன்.
வாந்தி எடுக்க வைக்காத.
வாய்க்குள்ள கை விடாத.
ஈரச் சாக்குல கெடத்து, மூஞ்சில டோர்ச் அடிக்காத.
அந்தப் பக்கற்றையும் எடுத்துக்கிட்டுப் போ.

சுனேத்தின் த்ரீவீல் கிளம்பியபோது ஏழே முக்கால்.
மவுசாக்கலைத் தண்ணீரின் ஓரம் எத்தனை வளைவு என்று
எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொன்றாக வளைந்தேன்.
நோர்வூட்டுக்கு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.
அவர்கள் இன்னும் வரவில்லை.

அடுத்த கட்டில் வெலிமடை டீச்சர்
"ஒரு நாய்க்கா இவ்வளவு?" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
தன் ரீலோட் கார்டைச் சுரண்டி
எனக்கு இலக்கம் வாசித்தார்.

ஒன்பது ஐம்பது. ஊசி போட்டாயிற்று.
சேலைன் ஏறுகிறது.
விடிந்தால்தான் எதையும் சொல்லலாமாம்.
டிலுக்ஷன் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினான்.
பெயர்: ரொட்டி.
வயது: தெரியாது.
உரிமையாளர்: ம. டிலுக்ஷன்.
பரீட்சைக்கு எழுதுவது போல
கோட்டுக்கு மேலே நேராக எழுதியிருந்தான்.
நான் திருத்தவில்லை.

காலை ஐந்தரைக்குப் பாறையேறியது
அவனுடைய அம்மா தெய்வானையக்கா.
"தண்ணி குடிச்சிட்டானாம். பையன் அங்கதான் தூங்குறான்."
கொழுந்துக்கூடை முதுகில் உரசும் சத்தம்.
பிறகு, போனை வைக்காமலே:
"பாத்தியிலயும் அந்த நீல மணி கெடக்குதே டீச்சர்,
கோழி வரும், சின்னப் புள்ளைங்க வரும்.
பொறுக்கிரட்டா?
எத்தன போட்டீங்க?"

கை கொள்ளாமல் அள்ளித் தூவினேன்.
எண்ணவில்லை.
அங்கே மழை விட்டுவிட்டதா என்று கேட்டேன்.